கூட்டத்தில் நிற்பவர் யார்?



நம் மூத்த தோழரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் இதுவரை தன்வரலாறு, கவிதை, நில உரிமை, இட ஒதுக்கீடு என்று பலவற்றைப் பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு ஒரு காணொளிக் கலைப் படைப்பைப் பற்றிய பேச்சு என்று அழைப்பிதழில் அச்சடித்ததும், "இது நமக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும் முன்பு, நம் தோழரின் ஒரு பழக்கத்தை நினைவுபடுத்திக்கொள்வோம்.

எந்தக் கூட்டமாக இருந்தாலும் அவர் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். "எத்தனை பேர் வந்தாங்க?" என்று கேட்டால் எண்ணிக்கை சொல்லமாட்டார். நோட்டைப் பிரித்துப் பெயர்களை வாசிப்பார். முதல்முறை வந்த கல்லூரி மாணவிக்கும் அதில் ஒரு வரி, தேநீர் கொண்டுவந்த சிறுவனுக்கும் ஒரு வரி. பெயரோடு ஊரை எழுதுவார். தெருவைக் கேட்கமாட்டார். தெருவைக் கேட்டால் அது வேறு கேள்வி ஆகிவிடும் என்பார். இன்றைக்கு நாம் பேசப்போவதும் அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

படைப்புக்கு வருவோம். கிம்சூஜா தென் கொரியாவின் தேகு நகரத்தில் 1957இல் பிறந்த பெண் கலைஞர். அவருடைய 'எ நீடில் உமன்' 1999 முதல் 2001 வரை எட்டு நகரங்களில் படமாக்கப்பட்டது. தமிழில் 'ஊசிப் பெண்' என்று சொல்லிக்கொள்ளலாம். டோக்கியோ, ஷாங்காய், தில்லி, நியூயார்க், மெக்சிகோ நகரம், கெய்ரோ, லாகோஸ், லண்டன் ஆகியவை அந்த எட்டு நகரங்கள். ஒவ்வொன்றிலும் ஜன நெரிசலான ஒரு தெருவின் நடுவே அவர் அசையாமல் நிற்கிறார். எளிய உடை. பின்னால் கட்டிய நீண்ட கருங்கூந்தல். கேமராவும் அசைவதில்லை. நமக்குத் தெரிவது அவருடைய முதுகு மட்டும். அவருக்கு எதிரே வந்து, இருபுறமும் பிரிந்து, அவரைக் கடந்துபோகிற மனிதர்களின் முகங்களைத்தான் நாம் பார்க்கிறோம். ஒவ்வொரு காணொளியும் 6 நிமிடம் 33 விநாடி. ஒலி கிடையாது. ஒரே அறையின் சுவர்களில் எட்டும் ஒரே நேரத்தில் பெரிதாக ஓடும். பார்வையாளர் நடுவில் நிற்க வேண்டும். இப்படி ஓர் இடத்தையே படைப்பாக அமைப்பதைத்தான் காணொளி நிறுவல் என்கிறார்கள்.

இந்தப் படைப்பு பிறந்த கதை எளியது. 1999இல் டோக்கியோவில் என்ன செய்வது என்று பிடிபடாமல் அவர் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். ஷிபுயா என்ற இடத்துக்கு வந்தபோது, அலை அலையாக வந்த கூட்டத்தின் முன்னால் மேலே நடக்க முடியாமல் நின்றுவிட்டார். அந்த நிற்றல்தான் படைப்பு. ஊசி என்ற எண்ணமோ அதற்கு வெகுகாலம் முந்தியது. 1983இல் அம்மாவோடு உட்கார்ந்து படுக்கை விரிப்பு தைத்துக்கொண்டிருந்தபோது அவருக்குள் விழுந்த எண்ணம் அது. ஊசி துணிக்குள் போகிறது, இரண்டு துண்டுகளை இணைக்கிறது, வெளியே வந்துவிடுகிறது. நூல் மட்டும் தங்குகிறது. கூட்டத்துக்குள் நுழைந்த அந்தப் பெண்ணின் உடலும் அப்படி ஓர் ஊசி.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தக் காணொளிகளின் சில பகுதிகளை மாணவர்களோடு பார்த்தோம். எட்டுச் சுவர் எங்களுக்கு ஏது? வெள்ளையடித்த ஒரு சுவர், இரவல் வாங்கிய ஒரு புரொஜெக்டர். டோக்கியோக் கூட்டம் அந்தப் பெண்ணைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. லாகோஸில் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தில்லியில் பலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இளநிலை படிக்கும் ஒரு மாணவி அப்போது சொன்னதை அப்படியே சொல்கிறோம். "எங்க ஊர்ல ஆம்பளைங்க டீக்கடை முன்னாடி மணிக்கணக்கா நிப்பாங்க தோழர். நான் பஸ்ஸுக்காக நின்னாலே 'யார் வீட்டுப் பொண்ணு'ன்னு கேட்பாங்க. இவங்க ஆறு நிமிஷம் சும்மா நிக்கிறாங்க. யாரும் வந்து கேட்கலையா?"

அந்தக் கேள்விதான் இந்தப் பேச்சுக்கு வாசல்.

ஒரு கூட்டத்தில் தனிமனிதர் காணாமல் போய்விடுகிறார் என்று நவீன கலையும் இலக்கியமும் நூறாண்டுக்கு மேலாகக் கவலைப்பட்டு வந்திருக்கின்றன. பெருநகரத்தில் யாருக்கும் முகமில்லை, யாரும் யாரையும் அறிவதில்லை என்று எழுதியவர்கள் ஏராளம். அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் நம் மக்களின் அனுபவம் இதற்கு நேர் எதிர்த்திசையில் இருந்திருக்கிறது. நாம் தப்பிக்க முயன்றது யாரும் அறியாத நிலையிலிருந்து அன்று. எல்லோரும் நம்மை அறிந்திருக்கும் ஊரிலிருந்து. பிறக்கும் முன்பே நம் பெயரும் தொழிலும் நிற்க வேண்டிய தூரமும் எழுதி வைக்கப்பட்டிருக்கும் ஊரிலிருந்து.

அண்ணல் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கும் இரண்டு நிகழ்ச்சிகளை நீங்கள் படித்திருப்பீர்கள். கூட்டம், தனிமனிதர் என்ற இந்தக் கோணத்தில் அவற்றை இன்னொரு முறை பார்ப்போம்.

1901ஆம் ஆண்டு. கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, சதாராவிலிருந்து அண்ணனோடு சிறுவன் பீமராவ் ரயிலில் வருகிறான். இறங்கிய நிலையம் மசூர். புதுச் சட்டை, மின்னும் தொப்பி, பட்டுக்கரை வேட்டி. அழைத்துப்போக வர வேண்டியவர் வரவில்லை. நிலைய அதிகாரி பரிவோடு விசாரிக்கிறார். உடையைப் பார்த்து உயர்சாதிப் பிள்ளைகள் என்று நினைத்திருக்கிறார். யார் நீங்கள் என்று கேட்கிறார். மகர் பிள்ளைகள் என்று குழந்தை யோசிக்காமல் சொல்லிவிடுகிறது. அந்த நொடியில் அவர் முகம் மாறுகிறது. பிறகு வண்டி கிடைப்பதே பாடாகிறது. இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். ரயிலில் இருந்தவரை அந்தச் சிறுவன் பயணிகளில் ஒருவன். ஒரு கேள்விக்குப் பிறகு அவன் ஒரு சாதி மட்டும்.

இரண்டாவது நிகழ்ச்சி 1917இல், பரோடாவில். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியவர், தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியின் பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதி அறை எடுக்கிறார். பதினோராம் நாள் காலை தடியோடு ஒரு டஜன் பேர் அறை வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்டதும் யார் நீ என்றுதான். அன்று மாலைக்குள் அவர் அறையைக் காலி செய்தாக வேண்டும். பம்பாய் ரயில் வரும்வரை சில மணி நேரம் ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள். ஊர் முழுக்க அவருக்கு இடமில்லை. யாரும் யார் என்று கேட்காத ஒரு பூங்கா மட்டும் அவருக்குச் சில மணி நேரம் இடம் கொடுத்தது. அந்தப் பூங்காவின் அருமை, எங்கே போனாலும் அறை கிடைக்கிறவர்களுக்குப் புரியாது.

ஆகவே தோழர்களே, கூட்டம் ஒருவரின் தனித்தன்மையை அழிக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கூட்டம் அவரிடம் என்ன கேட்கிறது என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கத் தொடங்கினால் அது கூட்டமாக இருப்பதை விட்டுவிட்டுக் காவல் ஆகிவிடுகிறது.

இனி, தெருவில் நிற்பதைப் பற்றி. 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எல்லாவற்றையும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு மார்ச் 30 அன்று வைக்கத்தில் மூன்று பேர் கோயிலைச் சுற்றிய சாலையின் தடைப்பலகையை நோக்கி நடந்தார்கள். ஒருவர் புலையர், ஒருவர் ஈழவர், ஒருவர் நாயர். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். நடப்பதற்கே இத்தனை பாடு. நிற்பதற்கு என்ன சொல்வது? நடக்கிறவன் போய்விடுவான் என்று சகித்துக்கொள்கிற தெரு, நிற்கிறவனைச் சகித்துக்கொள்ளாது. நிற்பது என்றால் இந்த இடம் எனக்கும் உரியது என்று சொல்வது. சிலை வைக்கும்போதும் கொடிக்கம்பம் நடும்போதும் வருகிற சண்டையெல்லாம் நிற்பதைப் பற்றிய சண்டைதானே!

இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போதுதான் அந்தக் கொரியப் பெண்ணின் முதுகு நம்மோடு பேசத் தொடங்குகிறது. அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எதையும் விற்கவில்லை, விளக்கவில்லை. தம் முகத்தைக் கேமராவுக்குக் கொடுக்க மறுக்கிறார். வருகிறவர்களில் சிலர் அவர் யார் என்று கண்ணால் கேட்கிறார்கள். அவர் பதில் சொல்லாமல் நின்றுகொண்டே இருக்கிறார். பதில் சொல்லாமலே நிற்கும் உரிமை இருக்கிறதே, அதைத்தான் அந்த மாணவி அடையாளம் கண்டுகொண்டார்.

அவருடைய பெயரும் இதே கேள்வியின் மறுபக்கம். கொரிய மரபில் குடும்பப் பெயர் தனியாக, சொந்தப் பெயர் தனியாக எழுதப்படும். அவர் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிக்கொண்டார். ஒற்றைச் சொல் பெயர் பாலினத்தையும் மணமானவரா என்பதையும் பண்பாட்டையும் நிலத்தையும் காட்டிக்கொடுக்க மறுக்கிறது என்பது 2003இல் அவர் சொன்ன விளக்கம். நமக்கு இது புதிதில்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொன்னது. தமிழகத்தில் பெயரின் வால் உதிர்ந்தது உண்மை. வால் உதிர்ந்தபோது கேள்வி இடம் மாறிக்கொண்டது. பெயரில் கிடைக்காததை முகவரியில் தேடினார்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக அரசு 2025இல்தான் அறிவித்தது. பெயரைத் துறந்தவருக்கும் பட்டத்தைத் துறந்தவருக்கும் உள்ள வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. பட்டத்தைத் துறந்தவர் ஒரு பெருமையை விட்டார். நம் தாத்தா பாட்டிகளுக்கு முழுப் பெயர் சொல்லி அழைக்கப்படும் பெருமையே கிடைத்ததில்லை. முதலில் ஒரு பெயர் வேண்டும். அதற்குப் பிறகுதான் அதை விடுவதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சு.

இந்தப் படைப்பைப் பாராட்டிவிட்டு மட்டும் போனால் நம் தோழர் நம்மை மன்னிக்கமாட்டார். ஆகவே ஒரு விமர்சனத்தையும் வைக்கிறோம்.

அதே காலத்தில் கிம்சூஜா வேறு சில காணொளிகளும் எடுத்தார். தில்லியிலும் கெய்ரோவிலும் தெருவில் படுத்திருக்கும் 'வீடற்ற பெண்'. மெக்சிகோ நகரம், கெய்ரோ, லாகோஸ் ஆகிய இடங்களில் கை நீட்டி உட்கார்ந்திருக்கும் 'பிச்சைக்காரப் பெண்'. 2000இல் தில்லி யமுனைக் கரையில் முதுகு காட்டி நிற்கும் 'சலவைப் பெண்'. ஊசிப் பெண், சலவைப் பெண் என்னும் பெயர்கள் அவருக்கு உருவகங்கள். தைப்பதும் துவைப்பதும் காலங்காலமாகப் பெண்கள் செய்த வேலைகள் என்பதால், அந்த வேலைகளைக் கலையின் உயரத்துக்குக் கொண்டுவருகிறார். அந்த அக்கறையை நாம் மதிக்கிறோம். ஆனால் யமுனைக் கரையில் சலவை என்பது உருவகம் இல்லை. அது சாதி. பிறப்பால் வருவது, ராஜினாமா செய்ய முடியாதது.

நம் பக்கத்துப் புதிரை வண்ணார்களை நினைத்துக்கொள்ளுங்கள். தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் துணியை வெளுத்தவர்கள் அவர்கள். தீண்டக்கூடாது என்பதோடு, பகலில் கண்ணிலேயே படக்கூடாது என்றும் விதிக்கப்பட்டு, இரவில் நடமாடிய மக்கள். கலைஞர் தாமே விரும்பி முகத்தை மறைத்துக்கொள்கிறார். அவர்களுக்கு முகம் மறுக்கப்பட்டது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இரண்டும் ஒன்றில்லை. அவர்களை அந்த இருட்டில் வைத்ததில் நம் சேரிகளுக்கும் பங்கு உண்டு. அதையும் இந்த மேடையிலேயே சொல்லிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. படுத்திருந்த கலைஞர் எழுந்து போகலாம். நின்றவர் விமானம் ஏறலாம். தில்லித் தெருவில் அவரைக் கடந்துபோன மனிதர்கள் அருங்காட்சியகச் சுவர்களில் இன்றைக்கும் கடந்துகொண்டே இருக்கிறார்கள். கலைஞருக்குப் பெயர் இருக்கிறது. அவர்களுக்கு முகம் மட்டும். எட்டு நகரங்களின் அத்தனை முகங்களில் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது. மனிதர்களை இணைக்கிற ஊசியே ஆனாலும், அது யார் கையில் இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்தக் கேள்விக்கு இன்றைக்கு ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. அவர் நின்ற அதே தில்லியில் இப்போது வேறு கேமராக்கள் நிற்கின்றன. 2020 பிப்ரவரி தில்லி வன்முறைக்குப் பிறகு, வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமத் தரவுகளோடு முகங்களை ஒப்பிடும் மென்பொருள் மூலம் 1,100க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டிருப்பதாக, மார்ச் மாதம் உள்துறை அமைச்சர் மக்களவையில் சொன்னார். குற்றவாளியைப் பிடிக்கத்தானே என்பார்கள். அந்தக் கருவி கலவரம் செய்தவருக்கும் கோரிக்கை அட்டை பிடித்தவருக்கும் வேறுபாடு பார்க்காமல் எல்லா முகங்களையும் அளக்கிறது. மசூர் நிலையத்தில் வாய் திறந்து கேட்கப்பட்ட கேள்வி, இப்போது நம்மிடம் கேட்காமலேயே கேட்கப்படுகிறது. போராட்டத்துக்குப் போகும் மாணவர்களே, கூட்டத்தில் ஒருவராக இருப்பது நமக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பாதுகாப்பு குறைந்து வருகிறது. நீங்கள் எடுத்து உடனுக்குடன் பரப்பும் படங்களும் அந்த அளவுகோலுக்குத் தீனி ஆகலாம் என்பதை நினைவில் வையுங்கள். பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டுவிட்டுப் படம் எடுப்பது நம் இயக்கத்தின் ஒழுக்கமாக வேண்டும்.

அப்படியானால் நமக்கு எந்த மாதிரிக் கூட்டம் வேண்டும்? பெயரில்லாமல் மறைந்துகொள்வதற்கு மட்டும் ஒரு கூட்டமா?

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். வெள்ளை உடை உடுத்தி, கால்நடையாகவும் ரயிலிலும் வந்த மக்கள். அம்பேத்கர் முதலில் தாம் பௌத்தம் ஏற்றார். பிறகு அந்த மக்களுக்கு 22 உறுதிமொழிகளைச் சொல்லிக்கொடுத்தார். அந்த உறுதிமொழிகளின் இலக்கணத்தை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. அவை ஒருமையில், தன்மையில் இருக்கின்றன. 'நாங்கள்' என்று தொடங்கவில்லை. 'நான்' என்று ஒருவர் தமக்காகத் தாமே எடுத்துக்கொள்ளும் உறுதியாக அவை அமைந்திருக்கின்றன. லட்சக்கணக்கான குரல்கள் ஒரே நேரத்தில் 'நான்' என்று சொன்ன கூட்டம் அது. அதற்கு முன்னால் அவர்களில் பலருக்கு 'நான்' என்று பொதுவெளியில் உரக்கச் சொல்ல வாய்ப்பே இருந்திருக்காது. எசமானனின் ஆள், இன்னாரின் பண்ணையாள், இந்தச் சேரிக்காரன் என்றுதான் அறியப்பட்டிருப்பார்கள். அந்த மைதானத்தில் கூட்டம் தனிமனிதரை விழுங்கவில்லை. பெற்றெடுத்தது.

ஆண்டுதோறும் டிசம்பர் 6 அன்று மும்பை தாதரில் கூடுகிற மக்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். நாளிதழ்களில் அது பெரும்பாலும் போக்குவரத்து மாற்றம் பற்றிய அறிவிப்பாக வரும். கடலோரத்தில் வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் தாமே முடிவெடுத்து வந்தவர். புத்தகக் கடைகளில் குனிந்து புத்தகம் தேடுகிற ஒவ்வொருவரும் தமக்கென்று ஒன்றைத் தேடுகிறார். யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஜெய்பீம் என்றால் ஜெய்பீம் என்று பதில் வரும், அவ்வளவுதான்.

கிம்சூஜா கூட்டத்துக்கு நடுவே தனியாக நின்று, ஓர் உடல் எவ்வளவு தாங்கும் என்று காட்டினார். நம் மக்கள் சேர்ந்து நின்று, சேர்ந்து நிற்பதாலேயே ஒவ்வொருவரும் தனியாகத் தலைநிமிர முடியும் என்று காட்டினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகத்தான் இந்தப் பேச்சுக்கு அந்தப் படைப்பை எடுத்துக்கொண்டோம். கேட்கப்பட்டால் சொல்லாமலிருக்கும் உரிமை, நாமாகச் சொல்ல விரும்பினால் உரக்கச் சொல்லும் உரிமை இரண்டும் ஒருசேர வேண்டும். ஒன்று மட்டும் கிடைத்தால் அது பாதி விடுதலை.

எழுதுகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊர்வலங்களையும் மாநாடுகளையும் பற்றி எழுதும்போது 'மக்கள் வெள்ளம்', 'அலைகடல்' என்று எழுதுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். வெள்ளத்துக்கு முகம் கிடையாது. அன்று வந்தவர்களில் நால்வரிடம் பேசி, அவர்கள் சம்மதித்தால் பெயரோடு, சம்மதிக்காவிட்டால் பெயரின்றி, ஏன் வந்தார்கள் என்று எழுதுங்கள். காணொளி எடுக்கத் தெரிந்த மாணவர்கள் கேமராவைத் திருப்புங்கள். முதுகு காட்டி நிற்பவரும் நம்மவராக, எதிரே வருபவரும் நம்மவராக, அவர்கள் எல்லோருக்கும் படம் முடிந்ததும் போட்டுக்காட்டப்படுவதாக ஒரு படைப்பு வரட்டும். அதற்கு எட்டுச் சுவர் வேண்டியதில்லை. வெள்ளையடித்த ஒரு சுவர் போதும்.

தோழரின் நோட்டு இப்போது நம் மன்றத்திடம் இருக்கிறது. கடைசிச் சில பக்கங்கள் எழுதப்படாமல் இருக்கின்றன. வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். போகும்போது விரும்புகிறவர்கள் உங்கள் கையாலேயே உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். விருப்பமில்லாதவர்கள் எழுத வேண்டாம். ஏன் எழுதவில்லை என்று யாரும் கேட்கமாட்டோம்.